ஒட்டும் ஓட்டையும்

எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில், என் வீட்டிற்கு எதிர்வீட்டில் வசிக்கும் பெண்மணியை எல்லோரும் கூரைக்காரம்மா என்றே அழைப்பார்கள். தட்டையான மாடிகளின்மேல் தார்ச் சுருளை விரித்து, நெருப்புச் சுடரால் உருக்கி ஒட்டியிருப்பார்கள் அல்லவா? அத்தகைய மொட்டைமாடிகளில் ஏறி, எங்கே பழுது இருக்கிறது, எங்கே பழுது வரப்போகிறது என்று பார்த்துச் சொல்வது அவருடைய தொழில். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல, எந்த வீட்டிற்குச் சென்றாலும் அவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"வீடு ஒழுகுதா?"

அவர் எதிர்வீட்டிற்குக் குடிவந்த அன்றே என்னிடமும் கேட்டார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "ஒழுகுறதுன்னா ஒழுங்கா நடந்துக்கிறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கும்மா. அந்தக் கணக்குல எங்க வீடு நல்லாவே ஒழுகும்," என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ நான் இத்தனை வருஷமா ஊரோட ஒழுக்கத்தையா பெரியம்மா பார்த்துக்கிட்டு இருக்கேன்? முன்னாடியே தெரிஞ்சிருந்தா கூலிய ஏத்திக் கேட்டிருப்பேனே!"

அன்று முதல் நான் அவருக்குப் பெரியம்மா.

குறை பார்த்தால் உறவு நிலைக்காது என்பார்கள். குறை பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு இத்தனை உறவுகள் எப்படிச் சேர்ந்தன என்று நான் வியந்ததுண்டு. காரணம், அவர் எந்தக் குறையையும் சிரித்துக்கொண்டே சொல்வார். ரொட்டியின் மேற்புறம் உப்பியிருந்தால், "கொப்புளம், அடியில ஈரம் மாட்டிக்கிச்சு," என்பார். வறண்டு வெடித்த குதிகாலைப் பார்த்தால், "முதலைத்தோல் வெடிப்பு, வெயில் அதிகம்," என்பார். தார்ச் சுருளின்மேல் வெயில் தாக்காமலிருக்கப் பொடிக்கல் தூவியிருப்பார்கள். காலப்போக்கில் அது உதிரும். தெருமுனையில் பூட்டுச் சாவிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவரின் உச்சந்தலையில் முடி குறையத் தொடங்கியபோது, "என்னங்க, கல்லு உதிர ஆரம்பிச்சுடுச்சு. இனிமே அதுவும் மொட்டைமாடிதான்," என்று கடை வாசலில் நின்றே அறிவித்தார். பூட்டுக்காரர் கோபிக்கவில்லை. "அப்போ மாசம் ஒருதடவை ஏறிப் பாரு," என்று தலையை நீட்டினார்.

ஒருமுறை நானும் அவருடன் எங்கள் மாடிக்குச் சென்றேன். மாடிக்குப் போகிறவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அடி மெலிந்த துணிக்காலணி அணிந்து, பூனை நடப்பதுபோல மெல்ல நடந்தார். கூரைக்குள் நீர் இறங்கியிருந்தால் அந்த இடம் காலடியில் மெத்தென்று அமுங்குமாம். தடித்த செருப்புக்கு அது தெரியாதாம். முதலில் அவர் சென்றது மழைநீர்க் குழாயின் வாய்க்கு.

"முதல்ல வாயப் பாக்கணும் பெரியம்மா. வாய் அடைச்சிருந்தா வயித்துல என்ன இருந்து என்ன?" என்று சொல்லி, அதிலிருந்து ஒரு பிடி சருகையும் ஒற்றைக் காலுறை ஒன்றையும் இழுத்துப் போட்டார். அந்தக் காலுறையைத்தான் தம் நாத்தனார் நெடுநாளாகத் தேடுகிறார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

நீர் தேங்கிக் காய்ந்த இடத்தில் அழுக்கு வளையமாகப் படிந்திருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். சுவரோரம் மேலேற்றி ஒட்டியிருந்த பட்டையை விரலால் நெடுகத் தடவினார். ஓரிடத்தில் சிறிய கொப்புளம் ஒன்று இருந்தது. நான் அதைக் காலால் அழுத்தப் போனேன்.

"ஐயையோ, வேணாம்! சின்னக் கொப்புளத்தச் சீண்டக் கூடாது. அது பாட்டுக்கு இருக்கும். நாம சொறிஞ்சோம்னாதான் புண்ணாகும்."

இந்தச் சொற்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு சுருளின் விளிம்பு அடுத்த சுருளின்மேல் ஏறி ஒட்டிக்கொள்ளும் இடத்தை மூட்டு என்பார்கள். கூரையின் மானம் அந்த மூட்டில்தான் இருக்கிறது. அதைச் சோதிக்க அவரிடம் ஒரு குத்தூசி இருந்தது. சாக்குத் தைக்கும் ஊசியின் முனையை மழுக்கி, மரப்பிடி போட்டாற்போன்ற கருவி அது. மூட்டின் வாயில் அதை வைத்து மெல்ல அழுத்துவார். ஊசி உள்ளே நுழைந்தால் மூட்டு வாய் பிளந்திருக்கிறது; நுழையாவிட்டால் நலம். கைக்குத் தெரிய வேண்டிய இந்த வேறுபாட்டிற்காக அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் எங்கள் மாடிக்குச் சென்று, தண்ணீர்த் தொட்டியின் பின்னாலுள்ள ஒரு மூட்டில், நாளுக்கு ஓரிடமாக, ஊசியை ஒரு முறை அழுத்திப் பார்ப்பார். பாடகர் சுருதி சேர்த்துக்கொள்வதைப் போன்றது அது.

"இந்த மூட்டு மாதிரி நல்ல மூட்டு நான் எங்கயும் பாத்ததில்ல பெரியம்மா. கல்லு மாதிரி நிக்கும். நல்லது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே கெட்டது தெரியும்?"

மாடிகளைப் பார்த்துவந்து அவர் எழுதும் குறிப்புகளை, வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்குமுன் என்னிடம் காட்டுவார். ஒற்று மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் திருத்திக் கொடுப்பேன். ஒருநாள் ஒரு குறிப்பின் இறுதியில், 'புகைபோக்கியை ஒட்டி மூன்று இடங்களில் உடனே ஓட்டை போடவும்' என்று எழுதியிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து படித்தேன்.

"ஒட்டுப் போடவும்னுதானேம்மா சொல்ல வந்தே?"

"ஆமா, அதானே போட்டிருக்கேன்?"

"நீ போட்டது ஓட்டை. ஒகரத்துக்குக் கீழ ஒரு சுழி கூடி, டுவும் டையா மாறிப் போச்சு. இதை அப்படியே குடுத்திருந்தா, நாளைக்கு ஒருத்தன் துளைபோடுற மெஷினோட மேல ஏறியிருப்பான்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "பாவம், அந்தக் கூரை. ஒரு சுழியில உயிர் தப்பிச்சிருக்கு," என்றார்.

இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தவருக்கு ஒரேயொரு ஏக்கம் இருந்தது. அவர் பார்க்கும் மாடிகள் ஊரின் எல்லா மூலைகளிலும் இருந்தன. காலையில் பேருந்து ஏறினால் இருட்டும் வேளையில்தான் திரும்புவார். நண்பகலில், முன்பின் அறியாத எவருடைய மாடியிலோ, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். பூட்டுக்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்து வீட்டில் தனியாகச் சாப்பிடுவார். கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில், விடுமுறை நாளைத் தவிர இருவரும் சேர்ந்து பகலுணவு உண்டதில்லை.

இந்நிலையில்தான், எங்கள் குடியிருப்பின் எல்லாக் கட்டடங்களின் மாடிகளையும் ஒருவரிடமே நிரந்தரமாக ஒப்படைப்பது என்று குடியிருப்போர் சங்கம் எண்ணியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வதாக ஏற்பாடு. அந்த வேலை கிடைத்துவிட்டால், நண்பகலில் கீழே இறங்கி வந்து தம் வீட்டு மேசையில் தம் கணவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். கூரைக்காரம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு மழை பெய்தது. மறுநாள் காலை, அதே மேசைக்கு நேர் மேலே, அவர் வீட்டு உட்கூரையில் தேநீர் சிந்தினாற்போல ஒரு கறை தோன்றியது.

பென்சிலால் கறையைச் சுற்றிக் கோடு வரைந்தார். அடுத்த மழையில் கறை கோட்டைத் தாண்டியது. அதற்கடுத்த மழையில் சொட்டியது. பூட்டுக்காரர் மேசையின்மேல் ஒரு பாத்திரத்தை வைத்தார். சொட்டு விழும் ஓசை என் வீடுவரை கேட்டது. கூரைக்காரம்மா மீண்டும் மீண்டும் மாடிக்கு ஏறினார். குழாய்வாய், சுவரோரப் பட்டை, மேசைக்கு நேர் மேலிருந்த மூட்டுகள் என்று எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

நான் நலம் விசாரிக்கச் சென்றிருந்தபோது பூட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதுக்கு நேரா ஒரு பெரிய காகித விளக்கத் தொங்கவிட்டுடலாமா?"

"விளக்குக்குள்ள தண்ணி சேந்து உங்க மொட்டைமாடியில விழும். பரவாயில்லையா?"

அந்நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே நுழைந்தார். பூட்டுக்காரரின் தங்கையான அவர், கீழ்த்தளத்தில் வசிப்பவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் பிறர் ஓட்டுவார்கள், இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான்: அண்ணனும் அண்ணியும் எதைத் தொடங்கினாலும் இவர் பிரேக்கை மிதிப்பார். அவர் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"என்ன அண்ணி, ஊருக்கெல்லாம் குடை பிடிக்கிறீங்க, உங்க தலை மட்டும் நனையுது?"

"மெல்லப் பேசுங்க. சுவத்துக்கும் காது உண்டு."

"சுவத்துக்குக் காது இருக்கட்டும், கூரைக்கு வாய் இருக்கே! சொட்டு சொட்டுனு ஊரக் கூட்டுது."

"சங்கத்துச் செயலாளர்கிட்ட மட்டும் சொல்லிடாதே," என்றார் பூட்டுக்காரர்.

"நானா போய்ச் சொல்ல மாட்டேன் அண்ணா. அவரு கேட்டா மட்டும் பொய் சொல்ல மாட்டேன்."

செயலாளர், பணி ஓய்வு பெற்ற பல் மருத்துவர். ஓய்வுக்குப் பின் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்தவர் வேறு யாருமில்லை, நாத்தனாரேதான். மறுநாள் பயிற்சியில் வண்டியை வளைக்கும்போது, "உங்க அண்ணி வேலை எப்படி?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். நாத்தனார் பிரேக்கை மிதித்தார். வாய்க்குத்தான் பிரேக் இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை காலை பல் மருத்துவர் மாடிப்படி ஏறி வந்தார். கூரைக்காரம்மா எதையும் மறைக்கவில்லை. நேராகக் கறையின் அடியில் அவரை நிறுத்தினார்.

"இதுதான் டாக்டர். எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு இன்னும் தெரியல. இன்னிக்குத் தண்ணி விட்டுப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்க."

மாடியின் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, பகுதி பகுதியாக நீர் பாய்ச்சி, ஒவ்வொரு பகுதியிலும் சற்று நேரம் காத்திருப்பது அந்தச் சோதனையின் முறை. பூட்டுக்காரர் கீழே மேசையின்மேல் அண்ணாந்து படுத்துக்கொண்டு, கைப்பேசியில் செய்தி சொல்ல வேண்டும். நாத்தனார், செய்த குற்றத்திற்குப் பரிகாரம்போல, ரப்பர்க் குழாயைத் தூக்கிவர முன்வந்தார். நான் மாடிக்கதவருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"சொட்டுதா?" என்று மேலிருந்து குரல் போகும்.

"சொட்டல," என்று கைப்பேசி சொல்லும். சிறிது நேரங்கழித்து, "கழுத்துதான் வலிக்குது," என்றும் சொல்லும்.

குழாய்வாயைச் சுற்றி நீர் விட்டார்கள். சொட்டவில்லை. சுவரோரம் விட்டார்கள். சொட்டவில்லை. மேசைக்கு நேர் மேலே வெள்ளமாகவே விட்டார்கள். "தூக்கம் வருது," என்றது கைப்பேசி.

பல் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கூரைக்காரம்மாவின் முகத்தில் நான் அதற்குமுன் கண்டிராத ஒரு வாட்டம் படர்ந்தது. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கூரையையே பார்த்தபடி நின்றார். அப்போது நாத்தனாருக்கு ஓர் அழைப்பு வந்தது. கையிலிருந்த குழாயைத் தண்ணீர் ஓடுகிறபடியே தொட்டியின் பின்னால் போட்டுவிட்டு, "இண்டிகேட்டர் வேற, வைப்பர் வேற! எத்தனை தடவை சொல்றது?" என்று யாரையோ கடிந்துகொண்டே அப்பால் நடந்தார். ஒருவரும் குழாயைக் கவனிக்கவில்லை.

சிறிது நேரத்தில் கைப்பேசி அலறியது. "சொட்டுது! சொட்டுது! மூக்கு மேலயே சொட்டுது! என்னம்மா பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலியே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தொட்டியின் பின்னால், அந்தக் கல்போன்ற மூட்டின்மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. நீர் தாருக்கு அடியில் எவ்வளவு தொலைவும் ஊர்ந்து செல்லும் என்பதை அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆயினும் அந்த மூட்டை மட்டும் அவர் ஐயுறவில்லை. நல்ல மூட்டுக்கு அதுவே அளவுகோல். அளவுகோலை யார் அளந்து பார்ப்பார்கள்?

அவர் மண்டியிட்டு, துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, மூட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். விளிம்பு நெடுகிலும், எறும்பு வரிசைபோலச் சிறு சிறு பள்ளங்கள். அவற்றின் நடுவில், நகம் நுழையும் அளவிற்கு ஒரு வாய் திறந்திருந்தது.

பல் மருத்துவர் எட்டிப் பார்த்து, "ஒட்டினவன் சரியா ஒட்டல போலிருக்கு," என்றார்.

அந்தச் சொல்லை அப்படியே விட்டிருக்கலாம். கூரையை ஒட்டியவர் யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. மறுக்க அவர் வரப்போவதும் இல்லை. மறுநாள் கூட்டம். நாத்தனார்கூட, "ஆமா, அவன் வேலைதான்," என்று அவசரமாகச் சொன்னார். கூரைக்காரம்மா பையிலிருந்து குத்தூசியை எடுத்தார். அதன் முனையை ஒரு பள்ளத்தில் வைத்தார். வாளும் உறையும்போல அது பொருந்தியது. அடுத்த பள்ளத்தில் வைத்தார். அதிலும் பொருந்தியது.

முதலில் அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணி நான் அருகில் சென்றேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டினவன் நல்லாத்தான் ஒட்டியிருக்கான் டாக்டர். நான்தான் நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு தினம் குத்திக் குத்திப் பாத்தே பொளந்துட்டேன். கொப்புளத்தச் சொறியாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ, காலையில எந்திரிச்சு முதல் வேலையா இதச் சொறிஞ்சிருக்கேன்!"

பல் மருத்துவர் ஒரு செங்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார்; கண்ணீர் வரச் சிரித்தார்.

"நான் தொழிலுக்கு வந்த புதுசுல இதையேதான்மா பண்ணினேன். சொத்தை இருக்கா, இருக்கான்னு கூர் ஊசிய வச்சுக் குத்துவேன். கடைசியில ஒருத்தரு கேட்டாரு, 'டாக்டர், நீங்க தேடுறீங்களா, தோண்டுறீங்களா?'ன்னு." சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. "ஆனா நாளைக்குக் கூட்டத்துல நான் உள்ளதத்தான் சொல்லியாகணும்."

"சொல்லுங்க டாக்டர். நீங்க விட்டுட்டாலும் நான் சொல்லிடுவேன்."

அன்று பிற்பகலே அவர் அந்த இடத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சுடர் காட்டி ஒட்டுப் போட்டார். ஒட்டின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிக்கொண்டார். "கூர் மூலைதான் பெரியம்மா முதல்ல தலையத் தூக்கும். மனுஷங்க மாதிரியே," என்று சொல்லி, சற்றுத் தள்ளி நின்ற நாத்தனாரைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. பல் மருத்துவர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். எதிர்க்கட்டடத்து மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"தன் வீட்டுக் கூரையிலயே ஓட்டை போட்டவங்ககிட்டயா நம்ம கூரையெல்லாம் குடுக்கிறது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கூரைக்காரம்மாவும் சிரிக்க முயன்றார்; ஆனால் அவருடைய கை, பக்கத்திலிருந்த கணவரின் கையைப் பற்றிக்கொண்டதை நான் கண்டேன். மேசையும் நண்பகலும் அவரைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன.

அப்போது நாத்தனார் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"ஆமா, எங்க அண்ணிதான் ஓட்டை போட்டாங்க. அதக் கண்டுபுடிச்சதும் அவங்க. பழிய அடுத்தவன் தலையில போடுறதுக்கு நானே வழி காட்டினேன், வேணாம்னுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒட்டுப் போட்டுட்டாங்க. ராத்திரி மழையில ஒரு சொட்டு இல்ல. எங்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிறவங்க எல்லாரும் இடிக்கிறாங்க. நான்தான் இடிச்சேன்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி, சார். நீங்ககூடப் போன மாசம் என் வண்டிய மரத்துல சாத்திட்டு, மரம் குறுக்க வந்துச்சுன்னுதானே சொன்னீங்க?"

மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு இம்முறை வேறு பக்கம் திரும்பியது.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் பல் மருத்துவர். "நல்லா இருக்கிற மூட்ட இனிமே குத்தக் கூடாது."

"எங்க வீட்டு வாசல்ல ஒரு பலகை மாட்டி, அதுல ரெண்டு தார்த்துண்ட ஒட்டி வச்சுட்டேன் டாக்டர். கை அரிச்சா அதக் குத்திக்கிறேன்."

கைகளைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள். தூக்காதவர்களும் சிலர் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் பாதி தூக்கினார். பெரும்பான்மை தெளிவாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கூரைக்காரம்மா என் நாற்காலியருகே வந்தார். "பாத்தீங்களா பெரியம்மா? ஓட்டை போட்டதால ஒட்டுப் போட்டேன். ஒட்டுப் போட்டதால ஓட்டுப் போட்டாங்க. அன்னிக்கு நான் எழுதினது தப்பே இல்ல, வீடுதான் மாறிப் போச்சு!"

வாக்கியத்தை மனத்திற்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

இப்போது நண்பகலில், மாடிப்படியில் துணிக்காலணியின் மெல்லிய ஓசை இறங்கி வரும். வாசற்பலகையில் ஊசி ஒரு முறை அழுந்தும். பூட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு முன்னதாகவே வந்து, மேசையில் இரண்டு தட்டுகளை வைத்திருப்பார். உட்கூரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. ஒட்டுப் போட்ட அன்று புதிதாக வரைந்த பென்சில் கோட்டுக்கு வெளியே ஒரு நூலளவும் அது நகரவில்லை. வெள்ளையடிக்க வேண்டாம் என்று கூரைக்காரம்மா சொல்லிவிட்டார்.

என் கதவு திறந்திருந்தால், உள்ளேயிருந்து பூட்டுக்காரரின் குரல் கேட்கும்.

"என்னம்மா, வீடு ஒழுகுதா?"

"நல்லாவே ஒழுகுது. நீங்க முதல்ல கையக் கழுவிட்டு வாங்க."